ஐந்து வேளை அட்டவணை

மூன்று வாரமாக வீட்டில் ஒரே ஒரு தாள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அவள் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டுவாள். காலையில் எழுந்து பார்த்தால் அதில் சிவப்பு மையில் கோடு விழுந்திருக்கும். மறுபடி எழுதுவாள். மறுபடி கோடு.

தாளில் இருந்தது அப்படியொன்றும் உலக மகா விஷயம் இல்லை. சனி, ஞாயிறு இரண்டு நாள் பெருநகரத்துக்குப் போகிறார்கள். போன இடத்தில் எங்கே சாப்பிடுவது, எங்கே குடிப்பது என்கிற பட்டியல். சனி மதியம், மாலை, இரவு, ஞாயிறு காலை, ஞாயிறு மதியம் என்று ஐந்து வேளை. பேருந்துப் பணிமனையில் இருபத்திரண்டு வருடமாக நேர அட்டவணை போடுகிறவள் அவள். நூற்றிப் பதினாறு வண்டிகள். எந்த டிரைவர் எத்தனை மணிக்கு எந்த வண்டியில் ஏற வேண்டும், எங்கே நிறுத்தி எத்தனை நிமிடம் டீ குடிக்கலாம் என்று இம்மி பிசகாமல் எழுதுகிறவளால், கட்டிய புருஷனுக்கு ஐந்து வேளை சாப்பாட்டுக்கு இடம் எழுத முடியவில்லை.

புருஷன் உணவுச் சுகாதார இன்ஸ்பெக்டர். ஊரில் உணவகம் நடத்துகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் டார்ச். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் விரல் நீள டார்ச் ஒன்று எப்போதும் இருக்கும். மற்ற இன்ஸ்பெக்டர்கள் மேஜையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார்கள். இவர் நேராகச் சமையலறைக்குள் போய் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தலையை விட்டு வெளிச்சம் அடிப்பார். முப்பது வருடம் அடித்து அடித்து, வெளிச்சம் அடித்துப் பார்க்காத இடத்தில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க முடியாத மனிதராகிவிட்டார். கல்யாணத்துக்குப் போனாலும் மணமக்களைப் பார்ப்பதற்கு முன் அண்டாவைப் பார்த்துவிட்டு வருவார்.

"இந்த ஆத்தோர மீன் கடை வேண்டாம்," என்றார், சிவப்புப் பேனாவை மூடாமலே.

"ஏன்?"

"ஆறு எங்க இருக்கு? கடைக்குப் பின்னாடி. தண்ணி எங்கேருந்து வருது?"

"குழாய்லேருந்து."

"அப்படின்னு நீ நினைக்கற."

"சரி, மொட்டைமாடி ஜூஸ் கடை? ஸ்டேஷனுக்கு எதிர்லயே இருக்கு. சூரியன் இறங்கறதைப் பாத்துக்கிட்டே குடிக்கலாமாம்."

"ஐஸ்."

"ஐஸுக்கு என்ன?"

"ஐஸ் மெஷினை உள்பக்கம் கழுவின ஒரு மனுஷனைக் காட்டு. நான் வேலையை விட்டுடறேன்."

"ஐயோ, விட்டுடாதீங்க. வீட்ல உக்காந்தா என் அடுப்படியை நோண்டுவீங்க."

நான்கு வரிகளில் இப்படி நான்கு சண்டை. கடைசியில் அவள் பட்டியலைப் பேனா எட்டாத இடத்தில், தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். ஆனால் ஐந்தாவது வரியில் அவர் கோடு போடவில்லை. மூன்று வாரத்தில் ஒரு தடவைகூட. ஞாயிறு, பகல் ஒரு மணி: வாலுவின் கடை.

வாலு அவர்களுடைய ஒரே மகள். நிஜப் பெயர் வேறு. பிறந்து நடக்க ஆரம்பித்ததிலிருந்து இதுதான். நுண்ணுயிரியல் படித்து முடித்து அப்பாவின் துறையிலேயே பரீட்சை எழுதுவாள் என்று டார்ச் கனவு கண்டுகொண்டிருந்தபோது, படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பெருநகரத்தில் ஓர் உணவகத்தில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். "முப்பது வருஷமா எந்தக் கதவுக்கு வெளியில நான் நோட்டீஸ் ஒட்டறேனோ, அந்தக் கதவுக்கு உள்ள போய் நிக்கப் போறியா?" என்று அவர் கேட்டார். "ஆமாப்பா," என்றாள். அதிலிருந்து ஒன்றரை வருடமாக நேர்ப்பேச்சு இல்லை. வாலு போனில் இருக்கும்போது டார்ச் பக்கத்தில் வந்து நின்று, "சாப்பிட்டாளான்னு கேளு," என்பார். நாள் முழுக்க சமையலறையில் நிற்கிறவளை.

போன மாதம் வாலுவே இறங்கி வந்தாள். "அம்மா, அப்பாவைக் கூட்டிட்டு வா. நான் சமைக்கறேன், அவர் சாப்பிடட்டும். ஆனா ஒரு கண்டிஷன். முன் வாசல் வழியா வரணும், நாற்காலியில உக்காரணும், சாப்பிட்டுட்டு முன் வாசல் வழியா போகணும். சமையலறைக் கதவைத் தொடக் கூடாது. டார்ச்சைத் தூக்கிக்கிட்டு உள்ள வந்தார்னா, நான் பின் வாசல் வழியா போயிடுவேன். அப்புறம் கூப்பிடவே மாட்டேன், சொல்லிட்டேன்."

சொன்னால் செய்வாள். பிடிவாதம் அப்பா வழிச் சொத்து. அந்த ஒரு மணி நேரம் ஒழுங்காக நடந்துவிட்டால் வீடு பழையபடி வீடாகிவிடும், நடக்காவிட்டால் இந்த மௌனம் இனி ஆயுளுக்கும் கலையாது என்பது தாய்க்குத் தெரிந்திருந்தது. மற்ற நான்கு வேளையும் ஒத்திகை மாதிரி. நாலு கடையில் உட்கார்ந்து பழகினால் ஐந்தாவதில் எழுந்திருக்க மாட்டார் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

கண்டிஷனைச் சொன்னபோது டார்ச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "சரி. நான் சமையலறைக் கதவைத் தொட மாட்டேன். போதுமா?"

போதும் என்று அவள் நம்பியதுதான் தப்பு.

*

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு ஆத்தோர மீன் கடையில் உட்கார்ந்தார்கள். அட்டவணைப்படி ஐந்து நிமிடம் முன்னதாகவே. ஜன்னலோர மேஜை. வெளியே ஆறு பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தது. சுட்ட மீன் இரண்டு தட்டில் வந்தது. தோல் முறுகி, பக்கத்தில் ஒரு துண்டு எலுமிச்சை. கை கழுவப் போன டார்ச் திரும்பி வந்தார். உட்காரவில்லை.

"எந்திரி."

"உக்காருங்க. சூடா இருக்கு."

"கைகழுவற இடத்துல சோப் இல்ல. அங்க சோப் இல்லைன்னா உள்ள என்ன இருக்கும்?" தட்டைக் கண் உயரத்துக்குத் தூக்கி அதன் அடியில் டார்ச் அடித்தார். பக்கத்து மேஜைக் குழந்தை சாப்பிடுவதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்தது. பரிமாறுகிற பெரியவர் ஓடி வந்தார்.

"சார், நீங்க டிபார்ட்மெண்டா?"

"ஆமா. ஆனா லீவுல இருக்கேன்."

"லீவுன்னா உக்காந்து சாப்பிடுங்களேன் சார்."

நியாயமான பேச்சு. அவளுக்கு அந்தப் பெரியவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. ஆனால் டார்ச் அதற்குள் வாசலில் நின்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அவள் எழுந்து போகும்போது மீனை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அதுவும் ஒரு கண்ணால் அவளைப் பார்த்தது.

மதியச் சாப்பாடு விடுதி அறையில் நடந்தது. வாழைப்பழம், ஆரஞ்சு, அவித்த முட்டை. கட்டிலில் செய்தித்தாளை விரித்து டார்ச் திருப்தியோடு முட்டையை உரித்தார். "பாரு, மூணும் இயற்கையே பாக்கிங் பண்ணினது. மனுஷன் கை உள்ள படவே படாது."

"குரங்குக்கும் நமக்கும் இனிமே என்ன வித்தியாசம்?"

"குரங்கு கை கழுவாது."

மாலை ஐந்தரைக்கு மொட்டைமாடி ஜூஸ் கடை. அவள் ரொம்ப ஆசைப்பட்டு எழுதிய வரி அது. இரண்டு உயரமான டம்ளர்களில் மாதுளை ஜூஸ் வந்தது. உள்ளே ஐஸ் கட்டிகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. டம்ளர் வெளியே வியர்த்து வழிந்தது. அவள் உதட்டுக்குக் கொண்டுபோன நேரத்தில் டார்ச்சின் உள்ளங்கை டம்ளர் வாயை மூடியது.

"வேண்டாம்மா. சொன்னா கேளு. நாளைக்கு வாலு வீட்டு... வாலு கடைச் சாப்பாடு இருக்கு. அதுக்கு முன்னாடி வயித்தைக் கெடுத்துக்காத."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் மல்லுக்கு நின்றிருப்பாள். வாலு பெயரைச் சொல்லி மடக்கிவிட்டார். எதிரே சூரியன் யாரையும் கேட்காமல் இறங்கிக்கொண்டிருந்தது. ஐஸ் கரைந்து ஜூஸ் வெளிறிப் போகும் வரைக்கும் இரண்டு பேரும் அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது அவருக்கு ஒரு போன் வந்தது. எடுத்துக்கொண்டு மாடியின் மறு மூலைக்குப் போனார். அங்கே நின்று, "என்னது? ... எது? ... ஃபில்டரா?" என்று கேட்பது மட்டும் காதில் விழுந்தது. திரும்பி வந்தவரின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"யாரு?"

"ஆபீஸ்ல."

"சனிக்கிழமையிலயா?"

"எங்க வேலைக்கு சனி என்ன, ஞாயிறு என்ன."

இரவு சூப் கடைக்குப் போக வேண்டிய நேரத்தில், தலை வலிக்கிறது என்று படுத்துவிட்டார். அவள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தாள். தயாரித்த தேதியை அவர் பார்ப்பார் என்று நீட்டினாள். பார்க்கவில்லை.

ஞாயிறு காலை எட்டரைக்கு பேக்கரியில் அதைவிடப் பெரிய அதிசயம் நடந்தது. டார்ச் பன்னைப் புரட்டிப் பார்க்காமல் பிய்த்து வாயில் போட்டார். டீயைக் கேள்வி கேட்காமல் குடித்தார். அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பதிலாகத் தன் பன்னைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

வாலுவின் போன் வந்தது.

"அம்மா. இன்னிக்கு வராதீங்க."

"ஏன்டி? என்ன ஆச்சு?"

"கடையை மூடிட்டாங்க. நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு சுகாதாரத் துறையிலேருந்து ரெண்டு பேர் வந்தாங்க. சனிக்கிழமை நாலு மணிக்கு யாரும்மா வருவா? நேரா அடுப்புக்கு மேல இருக்கற சிம்னியில கையை விட்டு ஃபில்டரைக் கழட்டினாங்க. எண்ணெய்ப் பிசுக்கு. நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு மறுபடி பாத்துட்டுத்தான் திறக்க விடுவாங்களாம். வந்தவங்கள்ல ஒருத்தர் பாக்கெட்ல டார்ச் வெச்சிருந்தாரும்மா. விரல் நீளத்துக்கு."

போனைக் கீழே வைத்துவிட்டு அவள் டார்ச்சைப் பார்த்தாள். அவர் டீக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"நீங்கதானே?"

"நான் சும்மா ஒரு தடவை பாத்துட்டு வாப்பான்னுதான் சொன்னேன். அவன் என்கிட்ட வேலை கத்துக்கிட்டவன். இங்க மாத்தலாகி வந்திருக்கான்."

"எதுக்கு? எதுக்குன்னு கேக்கறேன்!"

"கத்தாத. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்! நேத்து நீங்க தட்டுக்கு அடியில டார்ச் அடிச்சப்ப பாக்காததா?"

டார்ச் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "உள்ள போய்ப் பாக்காம என்னால சாப்பிட முடியாது. உனக்கே தெரியும். உக்காந்துட்டு நடுவுல எந்திரிச்சுட்டேன்னா அவ போயிடுவா. அதான், அவன் பாத்துட்டு எல்லாம் சரியா இருக்குன்னு ஒரு சான்று எழுதிக் குடுத்தா, அதை மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கிட்டு நிம்மதியா சாப்பிடலாம்னு நினைச்சேன். சரியாத்தான் இருக்கும்னு நம்பினேன். வாலு வேலை செய்யற இடமாச்சே." கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "நான் கதவைத் தொடலை," என்றார்.

மனைவி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். இந்த மனிதர் கெட்டவராக இருந்தால்கூட ஒரு வழி பண்ணிவிடலாம். நல்ல எண்ணத்தோடு வீட்டைக் கொளுத்துகிறவரை என்ன செய்வது?

"எந்திரிங்க," என்றாள். "போலாம்."

"வராதீங்கன்னு சொன்னாளே."

"அட்டவணையில இருக்கு. போறோம்."

*

கடை ஒரு தெருமுனையில், செருப்பு தைக்கும் கடைக்கு எதிரே இருந்தது. மொத்தம் பன்னிரண்டு மேஜை. நாற்காலிகள் எல்லாம் மேஜைமேல் காலைத் தூக்கிக்கொண்டு கவிழ்ந்து கிடந்தன. கண்ணாடிக் கதவில் நோட்டீஸ். டார்ச் அதன் முன்னால் நின்று முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். தினமும் அவர் கையெழுத்துப் போடுகிற அதே படிவம். ஆனால் இந்தப் பக்கம் நின்று படிப்பது இதுவே முதல் தடவை.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். கடையின் சொந்தக்காரியும் தலைமைச் சமையல்காரியுமான ஐம்பது வயதுப் பெண்மணி. அவரை எல்லாரும் தலைவி என்றார்கள். பாத்திரம் கழுவுகிற நுரை அண்ணன், முழங்கைவரை சோப்புநுரையோடு. மூன்றாவது வாலு. முடியை இறுக்கக் கட்டி, கண் வீங்கி.

"வரவேண்டாம்னு சொன்னேனே அம்மா."

"நான் கதவைத்..." என்று டார்ச் ஆரம்பித்தார்.

"ஆமா, தொடலை. ஆள் அனுப்பித் தொட வெச்சீங்க." ஒன்றரை வருடம் கழித்து அப்பாவிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. "நான் கூப்பிட்டது என் அப்பாவை. டிபார்ட்மெண்டை இல்ல."

தலைவி கையிலிருந்த துணியை முறுக்கிக்கொண்டே நின்றார். சுவரில் ஒரு கரும்பலகையில் வாரம் முழுவதும் யார் எப்போது எதைச் சுத்தம் செய்வது என்று முறை போட்டு எழுதியிருந்தது. தொழில் பழக்கம், தாயின் கண் தானாக அங்கே போனது. சனி காலை, சிம்னி ஃபில்டர். அதற்கு நேரே பெயர்: வாலு.

"நேத்து உன் முறையா?"

வாலு உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஆமா."

"செய்யலையா?"

"நேத்து காலையில சூப்புக்கு எலும்பு வேக வெச்சிட்டிருந்தேன். அஞ்சு மணி நேரம் கிட்டயே நிக்கணும், இல்லைன்னா கலங்கிடும். இவருக்குக் கலங்கின சூப்பைக் கண்டா சந்தேகம் வந்துடும். அதான், சிம்னியை ஞாயித்துக்கிழமை காலையில பாத்துக்கலாம்னு தள்ளிப் போட்டேன்."

"சேந்ததுலேருந்து ஒரே ஒரு தடவைதான் தள்ளிப் போட்டா," என்றார் தலைவி.

டார்ச்சின் வாய் திறப்பதைத் தாய் பார்த்தாள். இத்தனை வருடப் பழக்கத்தில் அந்த வாயிலிருந்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும்: ஒரு தடவை போதும்.

"ஏங்க," என்றாள். "இப்ப நீங்க ஒரு வார்த்தை பேசினீங்கன்னா, நான் இந்த ஊர்லயே வேலை தேடிக்கிட்டு இங்கயே இருந்துடுவேன். நேத்துலேருந்து என் வயித்துல ரெண்டு முட்டையும் நாலு பிஸ்கட்டும் ஒரு பன்னும்தான் போயிருக்கு. இருபத்தாறு வருஷத்துல உங்ககூட ஒரு கடையில உக்காந்து ஒரு தட்டு முழுசா சாப்பிட்டதில்ல. உங்க ரெண்டு பேர் நடுவுல தந்தி ஆபீஸ் மாதிரி ஒண்ணரை வருஷம் நின்னாச்சு. எனக்கு இப்பப் பசிக்குது. அந்த சூப் எங்கடி?"

"ஃபிரிட்ஜ்ல இருக்கு. ஆனா..." வாலு நோட்டீஸைக் காட்டினாள்.

தலைவிதான் மெதுவாகக் கேட்டார். அதில் கொஞ்சம் குத்தலும் இருந்தது. "பெரிய ஆபீசர் பக்கத்துலயே இருக்கீங்க. நீங்களே சொல்லுங்க சார். விக்கக் கூடாது. சும்மா குடுக்கவும் கூடாதா?"

டார்ச் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "பொதுமக்களுக்கு விற்கவோ பரிமாறவோ கூடாது. ஊழியர்கள் தங்களுக்குன்னு சமைச்சுச் சாப்பிடறதுக்குத் தடை இல்ல."

"நீங்க ரெண்டு பேரும்?"

"நாங்க பொதுமக்கள்."

"அப்ப எங்களை இன்னிக்கு ஒரு நாள் வேலைக்கு எடுத்துக்கங்கம்மா," என்றாள் அவள், புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டே.

"எடுக்கலாம். ஆனா சமையலறையில வேலைக்குச் சேக்கணும்னா மருத்துவச் சான்று வேணுமே. இல்லைன்னா அதுக்கு வேற தனியா ஒரு நோட்டீஸ் வரும்." தலைவி டார்ச்சைப் பார்த்துச் சிரிக்காமல் சொன்னார்.

டார்ச் தரையைப் பார்த்தார். சிம்னியைப் பார்த்தார். மகளின் வீங்கிய கண்ணைப் பார்த்தார். "உணவைக் கையாளாத துப்புரவுப் பணிக்கு மருத்துவச் சான்று கட்டாயம் இல்ல."

முப்பது வருடத்தில் அவர் சட்டத்தில் இடுக்கு தேடிக் கொடுத்தது அன்றைக்குத்தான்.

வாலு ஆணியில் தொங்கிய ஏப்ரனை எடுத்தாள். ரப்பர் கையுறை ஒரு ஜோடி எடுத்தாள். அப்பாவின் கையில் வைத்தாள். "ஃபில்டர் ஆறு இருக்கு. சோடா போட்ட சுடுதண்ணியில ஊறுது. உள்ள வாங்க."

டார்ச் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு சமையலறைக் கதவு வரை போனார். அங்கே நின்றுவிட்டார். முன்னும் பின்னும் ஆடுகிற கதவு. லேசாகத் தள்ளினால் போதும். அவர் தள்ளவில்லை. கையுறை போட்ட இரண்டு கையையும் மார்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி, பரீட்சை அறைக்கு வெளியே நிற்கிறவர் மாதிரி நின்றார்.

"என்ன?" என்றாள் வாலு.

"தொட மாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

வாலு மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு முதுகால் கதவைத் தள்ளித் திறந்து, அவர் உள்ளே போகும்வரை அப்படியே சாய்ந்து பிடித்துக்கொண்டு நின்றாள். "வாங்க. சீக்கிரம். கதவு கனமா இருக்கு."

*

மூன்று மணி நேரம் தேய்த்தார்கள். இத்தனை வருடம் பிசுக்கைக் கண்டுபிடிப்பது மட்டும்தான் தன் வேலை என்று இருந்த டார்ச்சுக்கு, அது எவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் என்பது அன்றுதான் கைக்குத் தெரிந்தது. இரண்டாவது ஃபில்டரிலேயே தோள்பட்டை இறங்கிவிட்டது. ஆனால் தோஷம் எங்கே ஒளிந்திருக்கும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? "அண்ணே, அந்தத் திருகாணியைக் கழட்டிக் கழுவுங்க. நாளைக்கு அவன் முதல்ல அங்கதான் விரலை விடுவான். நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"நல்லாச் சொல்லிக் குடுத்தீங்க சார்," என்றார் நுரை அண்ணன், சிம்னிக்குள் பாதி உடம்போடு. உள்ளே இருட்டு. டார்ச் தன் டார்ச்சை எடுத்துக் கொடுத்தார். நுரை அண்ணன் அதை ஒரு கம்பியில் கட்டி உள்ளே தொங்கவிட்டுக்கொண்டார்.

தாய்க்குத் தலைவி தரையைத் துடைக்கிற வேலை கொடுத்தார். துடைத்துவிட்டுக் கரும்பலகை முன்னால் போய் நின்றாள். பொறுக்கவில்லை. "கூட்டம் அதிகமா இருக்கற சனிக்கிழமையில சிம்னியைப் போட்டது யாரு? உச்ச நேரத்துல ஒருத்தன் வண்டியை டிப்போவுக்கு அனுப்புவானா?" என்று முழுப் பலகையையும் அழித்துவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தாள். தலைவி சாக்பீஸ் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

பகல் இரண்டுக்குச் சாப்பாடு. மேஜையில் இல்லை. மேஜை பொதுமக்களுக்கு. சமையலறையில், கவிழ்த்துப் போட்ட காய்கறிப் பெட்டிகள்மேல் ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். சூப், சூடான ரொட்டி, வறுத்த காளான், ஆளுக்கொரு முட்டை. சூப் கிண்ணத்தின் அடி தெரிகிற மாதிரித் தெளிவாக இருந்தது.

டார்ச்சின் வலது கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போனது. பை காலி. டார்ச் சிம்னிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. கை அங்கேயே, நெஞ்சின்மேல், கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தது. வாலு அந்தப் பக்கமே பார்க்காமல், ஏற்கெனவே துடைத்த கத்தியை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தக் கை கீழே இறங்கி ஸ்பூனை எடுத்தது.

ஒரு வாய். இன்னொரு வாய். ரொட்டியைப் பிய்த்துத் தோய்த்தார். கிண்ணத்தைக் காலி செய்தார். பிறகு, எலும்பு வேக வைத்த பாத்திரம் இருந்த திசையில் பார்த்து, "இன்னும் இருக்கா?" என்றார்.

"பொதுமக்களுக்கு இல்ல," என்றாள் வாலு. சொல்லிவிட்டுக் கரண்டியோடு எழுந்தாள்.

மூன்றேகாலுக்குத் தாய் கைப்பையை மாட்டிக்கொண்டாள். ஐந்து பத்துக்கு ரயில். விடுதியில் பையை எடுத்துக்கொண்டு போகச் சரியாக இருக்கும். டார்ச் நகரவில்லை.

"பாத்திரம் கழுவற தொட்டிக்குப் பின்னாடி ஒரு டைல் விரிசல் விட்டிருக்கும்மா. அதைப் பூசணும். நாளைக்குப் பத்து மணிக்கு அவன் வர்றப்ப நான் இருந்தா..."

"இருந்தா? அவனுக்கு எதிர்லயே நின்னு அவன் தப்புன்னு சொல்லுவீங்களா?"

"இல்ல. அவன் சரியாப் பாக்கறானான்னு பாக்கணும்." சொல்லிவிட்டு மகளை ஓரக்கண்ணால் பார்த்தார். வாலு தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் போகச் சொல்லவில்லை.

"நல்லா இருங்க," என்றாள் மனைவி. "நாளைக்கு விடிகாலை வண்டிகளுக்கு ஆள் போடணும். நான் போறேன்."

"வழியில எதையாவது வாங்கிச் சாப்பிட்டுடாத."

அவள் வாலுவின் கன்னத்தைத் தட்டிவிட்டு, முன் வாசல் வழியாக வெளியே வந்தாள்.

நாலரை மணிக்கு ஸ்டேஷனுக்கு எதிரே மொட்டைமாடியில் அதே மேஜையில் உட்கார்ந்திருந்தாள். சூரியன் இன்னும் உயரத்தில் இருந்தது. மாதுளை ஜூஸ் சொன்னாள்.

"ஐஸ் வேண்டாமாம்மா?" நேற்று நடந்த கூத்து ஜூஸ் கொண்டுவருகிற பெண்ணுக்கு நினைவிருந்தது போல.

"ரெண்டு கட்டி கூடவே போடு."

உறிஞ்சிக் குடித்தாள். பல் கூசியது. டம்ளர் காலியானபின் ஒரு ஐஸ் கட்டியை வாயில் கவிழ்த்துக் கடித்தாள். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. டார்ச்.

"ஸ்டேஷன் போய்ட்டியா? டைல் பூசிட்டோம். வாலு நாளைக்கு மதியமும் இங்கயே சாப்பிடச் சொல்றா. மேஜையிலயாம்." பின்னால் யாரோ எதையோ சொல்ல, வாலு சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் மாறியது. "ஏய், என்ன சத்தம் அது? கடமுடான்னு?"

"ஐஸ்," என்றாள் அவள், இன்னொன்றை வாயில் போட்டுக்கொண்டு.